"அவர் நம் சபையார்" என்பது வாக்களிக்கப் போதுமான காரணமா?

உப்புக்கல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன். பெரியவர்கள் பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

எங்கள் சபையில் ஜெபக்கூட்டம் முடியும் வேளையில் மூப்பர் ஒருவர் எழுந்தார். வரும் தேர்தலில் இன்னாருக்குத்தான் விசுவாசிகள் வாக்களிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அவர் நம் சபையார்." அந்த வேட்பாளர் இதுவரை என்ன செய்திருக்கிறார், இனி என்ன செய்வார் என்று ஒரு வார்த்தை இல்லை. குடிசைவாசிகளை மாற்று இடம் கொடுக்காமலே அப்புறப்படுத்தலாம் என்று மேடையில் பேசியவர் அவர். அங்கே அமர்ந்திருந்த பலருக்கும் அது தெரியும். நான் எழுந்து அதைச் சொன்னேன். "தம்பி, ஜெப வீட்டுக்குள் அரசியலைக் கொண்டுவராதே" என்று பதில் வந்தது.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து வாங்கிய கைதான் வாக்கையும் பதிவு செய்கிறது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்க விருப்பமும் இல்லை. விசுவாசம் என்னோடு வாக்குச்சாவடிக்குள் வருகிறது என்றால், அங்கே அது என்னிடம் என்ன சொல்ல வேண்டும்? வேட்பாளர் ஞானஸ்நானம் பெற்றவரா என்று பார்க்கச் சொல்லுமா? சபைக்கு நன்மை செய்வாரா என்று கேட்கச் சொல்லுமா? அல்லது நான் இன்னும் யோசித்துப் பார்க்காத வேறொன்றையா?

கட்சிப் பெயர்களை இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேர்தலுக்கும் பொருந்துகிற பதில்தான் எனக்கு வேண்டும்.

---

கிணற்றடி

தம்பி உப்புக்கல், ஸ்தோத்திரம். உன் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் வேறு விதமாக வளர்ந்தவன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சபையில் இருக்கிறேன். யாருக்கு வாக்களித்தேன் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்று ஆண்டவர் பிலாத்துவுக்கு முன்பாக நின்று சொன்னார். அதற்கு முன்பே, அப்பங்களால் போஷிக்கப்பட்ட ஜனங்கள் அவரை ராஜாவாக்கும்படி பிடித்துக்கொண்டுபோக மனதாயிருந்தபோது, அவர் விலகித் தனியே மலையின்மேல் ஏறினார். யோவான் 6-ஐத் திறந்து பார். ஆட்சி தானாகக் கையில் வந்து விழுந்தபோது விலகிப்போனவருடைய சீஷர்கள் நாம். அதிகாரமுள்ளவர்களுக்காக ஜெபி, வரியைக் கட்டு, ரோமர் 13-ன்படி கீழ்ப்படி, சுவிசேஷத்தைச் சொல். நம் வேலை அதுதான்.

மூப்பர் ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி வாக்குக் கேட்டது தவறு. அதில் உன்னோடு நிற்கிறேன். ஆனாலும், மாமனாகிய எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையை மறந்துவிடாதே. அதிகாரிகளாக வைக்கத் "தேவனுக்குப் பயந்தவர்களை"த்தான் தேடச் சொன்னான். விசுவாசி ஒருவர் அந்த இடத்துக்கு வந்தால் அது தீமையா?

---

பழைய ஏடு

கிணற்றடி ஐயா, உங்கள் மேல் எனக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நேராகச் சொல்கிறேன். யாத்திராகமம் 18:21-ஐ முழுதாகப் படியுங்கள். திறமையுள்ளவர்கள், தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள் என்று நான்கும் சேர்ந்தே வருகின்றன. அதில் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு, அதையும் சபைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதாகச் சுருக்கிவிடுகிறோம்.

தேவனை அறிந்த ராஜா எப்படி இருப்பான் என்று எரேமியா 22 சொல்கிறது. யோசியாவைப் பற்றிய இடம் அது. சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை அவன் விசாரித்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் கேட்கிறார். அப்படியானால், உப்புக்கல் தம்பி குடிசைவாசிகளைப் பற்றிக் கேட்டாரே, அதுதான் அந்த வேட்பாளரின் தேவபயத்தைப் பற்றிக் கேட்கக்கூடிய சரியான கேள்வி. இன்னொரு பக்கம் பாரசீக ராஜாவான கோரேசைப் பாருங்கள். இஸ்ரவேலின் தேவனை அறியாதவன். சிறைப்பட்டவர்கள் எருசலேமுக்குத் திரும்ப அவன் கட்டளையிட்டான். அவனைத்தான் ஏசாயா 45 கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன் என்கிறது. "நீ என்னை அறியாதிருந்தும்" என்ற வார்த்தையும் அங்கேயே இருக்கிறது. நம் சபையார் அல்லாத ஒருவருக்கு வாக்களிப்பது விசுவாசத்துக்கு முரண் என்று சொல்கிறவர்கள் கோரேசை என்ன செய்வார்கள்?

ரோமர் 13-ஐப் பற்றியும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம் சபைக்குள்ளேயே எழுந்து, யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை ஊழியத்திலிருந்து நீக்க முயன்றது. மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் அப்போது பலருக்கு வசதியான போர்வையாக இருந்தது. 1934 மே மாத இறுதியில் பார்மென் என்ற ஊரில் கூடியவர்கள் அதை மறுத்தார்கள். சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே. அவருக்கு உரியதல்லாத வாழ்க்கைப் பகுதி என்று எதுவும் இல்லை என்று அறிக்கையிட்டார்கள். முதன்மையாக அதை எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். ஆனால் அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிற்காலத்தில் பார்த் அதைத் தன் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். சபையின் சுதந்தரத்துக்காகத் துணிந்து பேசிய வாய், பக்கத்து வீட்டுக்காரனின் உயிருக்காகத் திறக்கவில்லை. "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்ற நீதிமொழியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பார்மென்தான் நினைவுக்கு வருகிறது.

பேதுருவும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்னவர்தான். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னவரும் அவரே.

---

கிணற்றடி

பழைய ஏடு, எத்திரோ வசனத்தை நான் பாதியில் நிறுத்தியது உண்மை. திருத்தியதற்கு நன்றி.

நீங்கள் சரித்திரம் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். 313-ல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்தரம் கிடைத்தது. 380-ல் தியோடோசியு பேரரசர் ஆணையால் கிறிஸ்தவம் அரசின் சமயமாகிவிட்டது. 385 வாக்கில் பிரிசில்லியன் என்ற ஆயரை, கிறிஸ்தவப் பேரரசன் ஒருவனே கொன்றான். வழக்கு சூனியம் என்று நடந்தது. அவரை இழுத்துக்கொண்டு போனவர்கள் சக ஆயர்கள். உண்மையான காரணம் உபதேச வேறுபாடு. சிங்கத்துக்கு இரையாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாள் எடுக்க எழுபது ஆண்டுகளே போதுமாயிருந்தன. தூர் நகரத்து ஆயர் மார்ட்டின் அதைத் தடுக்கக் கெஞ்சினார், கேட்கவில்லை.

எனக்குப் பயம் இதுதான். அதிகாரத்தின் பக்கத்தில் போய் நின்றால் நாம் அதை மாற்றுவதற்கு முன் அது நம்மை மாற்றிவிடுகிறது. மௌனமாக இருந்து செய்த பாவத்தை நீங்கள் காட்டினீர்கள். பேசி, ஆண்டு, செய்த பாவத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

---

அத்திமரம்

பெரியவர்கள் இருவரும் பேரரசர்கள் மட்டத்தில் பேசுகிறீர்கள். நான் கீழ்மட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அரசியல் முடிவு என்பது சட்டமன்றத்தில் மட்டும் எடுக்கப்படுவதல்ல என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

நான் வேலை செய்த இடத்தில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தேன். ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தது. சேர்த்தால் நிர்வாகத்தோடு பேசும்போது அவர்களுடைய கூலியும் பேச்சில் வரும். நிரந்தரத் தொழிலாளர்களான எங்களுக்குக் கிடைக்கவிருந்த உயர்வு குறையும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. என்னோடு சபைக்கு வருகிறவர்களே நான்கைந்து பேர் அங்கே இருந்தார்கள். "உன் பிள்ளைகளின் படிப்பை நினைத்துக்கொள்" என்றார்கள். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரம் வீட்டு ஜெபத்தில் மத்தேயு 20 வந்தது. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை. எத்தனையோ முறை கேட்டது. பதினோராம் மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். அதுவரை அதை இரட்சிப்பைப் பற்றிய உவமை என்று மட்டுமே படித்திருந்தேன். அன்று "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்ற அந்தப் பதில் என் காதில் வேறு குரலில் விழுந்தது. பகல் முழுவதும் கடைத்தெருவில் நின்றவன் சோம்பேறி அல்ல; கூப்பிட ஆள் இல்லாதவன். அவன் வீட்டிலும் இரவு உலை வைக்க வேண்டும். முறுமுறுத்தவர்கள் யார்? காலையிலேயே வேலை கிடைத்தவர்கள். நான் அவர்களில் ஒருவன்.

சேர்க்க வேண்டும் என்று வாக்களித்தேன், பேசவும் செய்தேன். தீர்மானம் சில வாக்குகளில் தோற்றது. இரண்டு நண்பர்கள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உப்புக்கல் தம்பி, விசுவாசம் வாக்குச்சாவடியில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு அது ஒரு கட்சியைச் சொன்னதில்லை. "இந்த முடிவால் இழக்கப்போகிறவன் யார்? அவன் முகத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டது. என் நன்மைக்கு எதிராக அது ஒருமுறைகூடப் பேசியிருக்காவிட்டால், அதை விசுவாசம் என்று நம்ப எனக்குத் தைரியம் வந்திருக்காது.

---

நெடுவழி

நான் கிறிஸ்தவன் அல்லன். எந்த மதத்தையும் பின்பற்றாதவன். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். அத்திமரம் எழுதியது என்னைத் தொட்டது. ஆனாலும் ஒரு கவலை இருக்கிறது.

உங்கள் வேதம் உங்களை உங்கள் நலனுக்கு எதிராக வாக்களிக்கச் செய்தால் நல்லது. அதே வேதம் என்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் கேட்கத் தூண்டினால்? நான் ஏற்காத நூலின் வசனம் ஏன் என் வாழ்க்கையை ஆள வேண்டும்? வசனத்தைக் காட்டி முடித்துவிட்டால் அதற்கு மேல் நான் பேச இடமே இல்லை. ஒரே நாட்டில் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு நடுவே பேச்சு அப்படி முடியக் கூடாது என்று நினைக்கிறேன்.

---

ஒலிவ இலை

நெடுவழி, நேர்மையான கேள்வி. நான் கத்தோலிக்கப் பெண். சொல்வழக்கு சற்று மாறினால் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கவலைக்குப் பதில் எங்கள் மரபிலேயே பழைய காலத்திலிருந்து இருக்கிறது. சமயத்தைக் கட்டாயப்படுத்துவது சமயத்தின் வேலை அல்ல என்று பழங்காலத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓர் ஆளுநருக்கு எழுதினார். அப்போது திருச்சபை துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அதிகாரம் கைக்கு வந்தபின் நாங்கள் அதை மறந்த காலங்கள் பல. கிணற்றடி ஐயா சொன்ன பிரிசில்லியன் கொலையும் அதில் ஒன்று. எங்கள் திருச்சபை சமயச் சுதந்திரத்தை மனித மாண்பிலிருந்து எழும் உரிமை என்று தெளிவாக அறிவித்தது 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான். இவ்வளவு காலம் பிடித்தது வேதனையான உண்மை.

எனவே என் நம்பிக்கை என் கண்ணைத் திறக்கலாம்; உங்களிடம் பேசும்போது உங்களுக்கும் விளங்கும் காரணத்தோடுதான் நான் வர வேண்டும். தொழிலாளிக்குக் குடும்பம் காக்கப் போதுமான கூலி வேண்டும், சங்கம் அமைக்கும் உரிமை வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ல் சுற்றுமடல் எழுதினார். அவர் அங்கே வந்து சேர்ந்த வழி நற்செய்தி. ஆனால் நியாயமான கூலி என்பதைப் புரிந்துகொள்ளத் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டியதில்லை. நீங்கள் வேறு வழியில் நடந்தும் அதே இடத்துக்கு வரலாம்.

உப்புக்கல் தம்பிக்கு ஒன்று. குடிசைகளை அகற்றும் செய்தியைப் படித்ததும் எனக்கு நாபோத்து நினைவுக்கு வந்தான். எங்கள் விவிலியத்தில் 1 அரசர்கள் 21, உங்களுடையதில் 1 இராஜாக்கள் 21. அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தைக் காய்கறி போட ஆகாபு அரசன் கேட்டான். "மூதாதையரின் உரிமைச் சொத்து, தர முடியாது" என்றான் நாபோத்து. அரசனின் மனைவி ஈசபேல் என்ன செய்தாள்? முதலில் நோன்பு அறிவிக்கச் சொன்னாள்! ஊர்ப் பெரியவர்களுக்கு அரச முத்திரையோடு மடல் எழுதினாள். நோன்புக் கூட்டத்தில் நாபோத்தை முன்னிருக்கையில் உட்காரவைத்து, இரண்டு பொய்ச் சாட்சிகளை எதிரே நிறுத்தி, கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று கல்லெறிந்து கொன்றார்கள். நிலப் பறிப்பு முழுவதும் பக்தியின் உடையில் நடந்தது. அந்தப் பெரியவர்களில் ஒருவராவது எழுந்து கேட்டிருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். தம்பி, உங்கள் ஜெபக்கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்டீர்கள்.

---

உப்புக்கல்

ஒலிவ இலை அக்கா, கண் கலங்கிவிட்டது. அத்திமரம் அண்ணன் எழுதியதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. இழக்கப்போகிறவன் யார் என்று கேட்க வேண்டும், சரி. ஒவ்வொருவரும் வேறு வேறு முகத்தைக் காட்டினால்? எங்கள் சபையில் ஒரு சகோதரிக்குக் கருவிலிருக்கும் குழந்தையின் உயிர்தான் முதல் கேள்வி. அதில் தவறும் வேட்பாளரை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். இன்னொருவருக்குப் போர். மற்றொருவருக்குப் பசி. மூவரும் வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். மூவரும் ஜெபிக்கிறவர்கள். ஒருவரை ஒருவர் "நீயெல்லாம் விசுவாசியா?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

---

ஒலிவ இலை

அந்தச் சகோதரியின் பக்கம்தான் என் மனமும் சாயும், மறைக்கவில்லை. பிறக்காத குழந்தையைவிடக் குரலற்றவர் யார்? ஆனால் அவருக்கும் எனக்கும் ஒரு கடமை இருக்கிறது. அந்தக் குழந்தை பிறந்தபின் அதன் தாய்க்கு மகப்பேறு விடுப்பும், மருத்துவமும், தலைக்கு மேல் கூரையும் கிடைக்குமா என்பதையும் அதே வேட்பாளரிடம் கேட்க வேண்டும். உயிரைப் பற்றிய அக்கறை பிரசவ அறையின் வாசலோடு நின்றுவிட்டால் அதை எப்படி உயிரின் பக்கம் நிற்பது என்று சொல்வது?

இன்னொன்றும் உண்டு. ஏழை பசித்திருக்கக் கூடாது என்பது கட்டளை. அதற்கு எந்த வரி, எந்தத் திட்டம், எவ்வளவு வேகம் என்பது கட்டளை அல்ல, கணிப்பு. கட்டளையில் சமரசம் இல்லை. கணிப்பில் நான் தவறலாம், எதிரே இருப்பவர் சரியாக இருக்கலாம். கணிப்பையெல்லாம் கட்டளை ஆக்கிவிடுகிறோம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

---

பழைய ஏடு

ஒலிவ இலை சொன்ன பிரிவினை நல்லது. ஆனால் அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது, எச்சரிக்கிறேன். "இது வெறும் கணிப்பு, நடைமுறை" என்று சொல்லியே கட்டளையைக் குழிதோண்டிப் புதைத்தவர்களும் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் 1857-ல் டச்சு சீர்திருத்த சபையின் மாமன்றம் கூடியது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஆராதனையில் கூடுவதே விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஏற்றது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனித்தனியாகக் கூடலாம் என்று அனுமதித்தார்கள். அந்த ஒரு சலுகையைப் பாருங்கள். கொள்கை அப்படியே இருக்கிறது. நடைமுறையில் மட்டும் ஒரு சிறிய தளர்வு. 1881-ல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபை அமைந்தது. 1948-க்குப் பிறகு நாடு முழுவதும் இனப் பிரிவினைச் சட்டம் வந்தபோது, அதற்கு வேத ஆதாரம் தேடிக்கொடுத்தது அதே சபை. திருவிருந்து மேசையில் தொடங்கிய பிளவுதான் பஸ்ஸிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் போய் நின்றது. 1982-ல், பிரித்துவைக்கப்பட்ட அந்தச் சபையே பெல்கார் என்ற இடத்தில் ஓர் அறிக்கையை வரைந்தது. 1986-ல் அதை ஏற்றுக்கொண்டது. வறியவர்களோடும் அநீதிக்கு ஆளானவர்களோடும் தேவன் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இடையில் போனது 125 ஆண்டுகள்.

எனவே சபை முதலில் தன் மேசையில் யாரை எங்கே உட்காரவைக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே சாதியோ இனமோ பணமோ இடம் ஒதுக்கினால், வெளியே போய் நாம் போடும் வாக்கும் அதையேதான் ஒதுக்கும். யாக்கோபு 2-ல் பொன்மோதிரம் போட்டவனையும் கந்தை உடுத்தியவனையும் பற்றிப் படித்துவிட்டு நாம் அதே வேலையைச் செய்கிறோம்.

சபைக்குள் ஒருவரை ஒருவர் விசுவாசியா என்று கேட்பதைப் பற்றி: பன்னிரண்டு பேரின் பட்டியலைப் பாருங்கள். ஆயக்காரனான மத்தேயு, ஆட்சியாளர்களுக்காகப் பணம் வசூலித்தவன். செலோத்தே என்னப்பட்ட சீமோன். வைராக்கியக்காரன் என்று பொருள். அந்தப் பெயர் அரசியல் பெயரா, பக்தி வைராக்கியத்தின் பெயரா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் ஆயக்காரனோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டுச் சாப்பிட அவனுக்கு எளிதாக இருந்திருக்காது. ஆண்டவர் இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். யோசுவா எரிகோவுக்கு அருகே உருவின பட்டயத்தோடு நின்றவரைப் பார்த்து "நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ?" என்ற கேள்வியைத்தான் கேட்டான். "அல்ல" என்று பதில் வந்தது. இஸ்ரவேலின் தளபதிக்கே அந்தப் பதில்.

---

அத்திமரம்

கணிப்பைப் பற்றி ஒன்று மட்டும். பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் 1785-ல் மனந்திரும்பியபோது பாராளுமன்றத்தை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போக நினைத்தார். இருக்கும் இடத்திலேயே இரு என்று சொன்னவர் ஜான் நியூட்டன். முன்பு அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்தவர். 1791-ல் அடிமை வணிகத் தடை மசோதா 163-க்கு 88 என்று தோற்றது. மறுபடியும் மறுபடியும் கொண்டுவந்தார். 1807-ல் 283-க்கு 16 என்று நிறைவேறியது. அடிமைத்தனத்தையே ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தது; அவர் இறந்ததும் அந்த ஆண்டுதான். அந்தச் சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. கட்டுண்டு கிடந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியைப் பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசுவாசியின் அரசியல் முடிவு பெரும்பாலும் இப்படிக் குறையோடுதான் வந்து சேர்கிறது. குறை இருக்கிறது என்று ஒதுங்கியிருந்தால் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்திருக்கும். வெற்றி என்று கொண்டாடி மறந்துவிட்டால் இழப்பீட்டின் அநீதி மறைந்துவிடும். வாக்களித்துவிட்டு அந்தக் குறைக்காகத் துக்கப்படவும் வேண்டும், அடுத்த நாள் அதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

---

நெடுவழி

ஒலிவ இலையின் பதிலுக்கு நன்றி. எனக்கும் விளங்கும் காரணத்தோடு வருவேன் என்று சொன்னது போதும். அங்கிருந்து நாம் பேச முடியும். நாபோத்தின் கதையை நேற்றுதான் முதன்முறையாகப் படித்தேன்.

---

கிணற்றடி

நான்கு நாட்களாகப் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டவர் மலைக்கு விலகிப்போனார் என்று எழுதினேன். ஆனால் அதே ஆண்டவர் பலிபீடமும் பணமேசையும் இருந்த இடத்துக்குள் நுழைந்து காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். ராஜாவாக மறுத்தார், அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மறுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காமல் ஒன்றை மட்டும் நாற்பது ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தேனோ என்று தோன்றுகிறது. யாருக்கு வாக்களித்தேன் என்று சொல்லாதது சரிதான். ஆனால் யாரை நினைத்து வாக்களித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் தெருவுக்கு எது நல்லது, என் பிள்ளைகளுக்கு எது நல்லது, அவ்வளவுதான். அத்திமரம் எழுதிய பிறகுதான் அது உறைத்தது.

ஆனால் இளையவர்களான உங்களுக்கும் ஒன்று சொல்வேன், கோபப்படாதீர்கள். 1 தீமோத்தேயு 2-ல் ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு உலகத்தை ஆண்டது ரோமப் பேரரசு. சபையைத் துன்பப்படுத்திய அதே பேரரசு. முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் பேரரசனுக்காக ஜெபித்தார்கள்; பேரரசனை நோக்கி ஜெபிக்கச் சொன்னபோது உயிரைக் கொடுத்தார்கள். உப்புக்கல், அந்த வேட்பாளருக்காக ஜெபித்தாயா? அவரைப் பற்றி இவ்வளவு பேசினோம். இந்த இழையில் ஒருவரும் அதை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அவரும் ஓர் ஆத்துமா. ஆகாபுகூட எலியா தீர்க்கதரிசியின் வார்த்தையைக் கேட்டு இரட்டு உடுத்தித் தாழ்த்தினான். கர்த்தர் அதைக் கவனித்தார். நாபோத்தின் கதை வரும் அதே அதிகாரத்தின் கடைசி வசனங்களில் இருக்கிறது, பார்.

இன்னொன்று, அந்த மூப்பரைத் தனியாகப் போய்ப் பார். சபை நடுவே கேட்டது தவறில்லை. ஆனால் மத்தேயு 18 தனித்துப் பேசுவதில்தான் தொடங்குகிறது.

---

உப்புக்கல்

கிணற்றடி ஐயா, ஜெபிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். உங்கள் பதிவைப் படித்த அன்று இரவு முயன்றேன். முதலில் அவர் தோற்க வேண்டும் என்றுதான் வாயில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு வார்த்தைகள் வந்தன.

நேற்று மாலை மூப்பர் வீட்டுக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவர் மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. சிறுபான்மையாக இருக்கும் சபைக்கு உள்ளே ஒரு குரல் வேண்டாமா, நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் யார் பேசுவார் என்று கேட்டார். அந்தப் பயம் பொய்யானது அல்ல. முன்பு அவர் பட்ட சில துன்பங்களைச் சொன்னார், அவற்றை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நமக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று நாம் ஏங்குவதுபோலத்தானே குடிசையில் இருக்கிறவரும் ஏங்குவார் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாக்கு அந்த வேட்பாளருக்கு இல்லை. அதை அவரிடமும் சொன்னேன். ஜெபக்கூட்டத்தில் இனிப் பெயர் சொல்லி வாக்குக் கேட்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். வேட்பாளரை நேரில் பார்த்து மாற்று இடம் பற்றிக் கேட்கலாம் என்று நான் சொன்னதற்கு, "நானும் வருகிறேன்" என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, அடுத்த புதன்கிழமை வேதபாடத்துக்கு எந்தப் பகுதியை எடுக்கலாம் என்று கேட்டார். 1 இராஜாக்கள் 21 என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.